பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள்

என் மகளுக்கு இரண்டு பிறந்தநாள். முதலாவது மார்ச் மாதத்தில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த என் மனைவி, கொற்கைக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் அரசு ஆஸ்பத்திரியில் அவளைப் பெற்றாள். இரண்டாவது ஜூலை முப்பத்தொன்று. அன்றைக்கு ஆஸ்பத்திரியும் இல்லை, வலியும் இல்லை. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்த நாள் அது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குள் ஐந்து வயது முடிந்த பிள்ளையை அந்த வருஷமே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். பிள்ளை ஜனவரியிலோ மார்ச்சிலோ பிறந்திருந்தால், கெட்டிக்காரத் தகப்பன் என்ன செய்வான் என்றால், தேதியை அந்த எல்லை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் வைப்பான். பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைக்கும், காகிதத்தில் வயதும் குறையும். பின்னால் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதும்போது அந்த நாலைந்து மாதம் கைகொடுக்கும் என்பது கணக்கு. நான் கெட்டிக்காரத் தகப்பன்.

எனக்கு இதில் சொந்தக் காயம் ஒன்று உண்டு. என் அப்பா பனங்காட்டு ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து பலசரக்குக் கடை வைத்தவர். பள்ளிக்கூடத்தில் என் பிறந்த தேதியைக் கேட்டபோது உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டார். அந்த நேர்மையால், சுங்க இலாகா வேலைக்கான பரீட்சையை நான் எழுத வேண்டிய வருஷத்தில் எனக்கு இரண்டு மாதம் வயது கூடிப்போனது. அதனால் சுங்க அதிகாரியின் நாற்காலியில் உட்கார வேண்டியவன், இருபத்தைந்து வருஷமாக அந்த நாற்காலிக்கு எதிரே கட்டுக் காகிதத்தோடு நிற்கிறேன். துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றுகிறவர்களுக்காகச் சுங்கத்தில் பத்திரங்கள் போட்டு எடுக்கிற கிளியரிங் ஆபீஸில் வேலை. அப்பா மேல் இருந்த அந்தக் கோபத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போன அன்று அதைத்தான் பேனாவில் ஊற்றிக்கொண்டு போனேன்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. “பிறந்தநாளைப் போயி யாராவது மாத்துவாங்களா? பிள்ளைக்கு ஜாதகம் எழுதியாச்சுல்லா” என்றாள்.

“ஏளா, ஜாதகம் வீட்டுக்கு. இது சர்க்காருக்கு. ஒனக்கு இதெல்லாம் தெரியாது, நீ சும்மா இரு.”

ஆஸ்பத்திரியில் பதிந்து கொடுத்த பிறப்புச் சான்றிதழ் பீரோவில் இருந்தது. அதை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போனேன். ஹெட்மாஸ்டர் கேட்டார். “ஊர்ல இருக்கு சார், அப்புறமாத் தாரேன்” என்றேன். அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எத்தனை தகப்பன்மாரைப் பார்த்திருப்பார். உறுதிமொழிக் காகிதத்தை நீட்டி, “எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்றார். போட்டேன். அதற்குப் பிறகு அவளுக்கு வந்த எல்லாக் காகிதத்திலும், ஆதாரிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும், ஜூலை முப்பத்தொன்றே வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் மார்ச்சில் பாயசம், ஜூலையில் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிட்டாய். அவளுக்கு அது லாபமாகவே இருந்தது. அவளோடு படித்த இன்னும் சில பிள்ளைகளும் அதே நாளில் மிட்டாய் கொண்டுவருவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அவளுக்கு ஏழு வயதில் கோடை விடுமுறைக்கு ஏதாவது பழகட்டும் என்று ஸ்கேட்டிங்கில் சேர்த்தோம். சிமெண்டுத் தளம், நாலு சக்கரம் வைத்த பூட்ஸ். எங்கள் ஊரில் ஸ்கேட்டிங் என்றால் ரேஸ். யார் முன்னால் வருகிறார்கள், அவ்வளவுதான். இவள் மட்டும் ஓட்டத்தின் நடுவே நின்று சுற்றிக்கொண்டிருப்பாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் கோட்டைத் தாண்டிய பிறகும் இவள் பாதித் தளத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய்க்கொண்டிருப்பாள். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “சார், இவ ரேஸுக்கு லாயக்கில்ல. இதுல ஆடுறதுன்னு தனியா ஒண்ணு இருக்கு, அதுக்கு வேணா அனுப்புங்க” என்றார். அவர் தொல்லை விட்டது என்றுதான் சொன்னாரோ என்னவோ, இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படித்தான் அது சிமெண்டிலிருந்து ஐஸுக்குப் போனது. பெங்களூரில் ஒரு மாலில் சின்ன ஐஸ் தளம் இருந்தது. ஒரு விடுமுறைக்குப் போனவளை அங்கே சொல்லிக்கொடுத்த அம்மாள் விடவில்லை. பதினொரு வயதில் அவளும் என் மனைவியும் அங்கேயே ஒரு ஒற்றை அறை வீட்டில் தங்கிவிட்டார்கள். நான் இங்கே தனியாக ஹோட்டல் சாப்பாடு. “அண்ணாச்சி, ஐஸ்ல சறுக்க பெங்களூருக்கு எதுக்குப் போவணும்? மீனுக்கு ஐஸ் அடிக்குத கம்பெனில சொல்லி வைக்கட்டா, ராத்திரி பூரா சும்மாத்தான் கெடக்கு” என்று எங்கள் வீட்டுக்கு எதிர்க்கடைக்காரர் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு ஆபீஸுக்குப் போய் அவளுடைய அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வேன்.

அது என் வேலை. வீட்டில் பங்கு பிரித்தாகிவிட்டது. அவள் விழுவது, எழுவது. மனைவி சமைப்பது, வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது. காகிதம் முழுக்க நான். இந்த விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. துறைமுகத்தில் ஒரு பெட்டியின் எண்ணில் ஒரு எழுத்து மாறினால் பெட்டி நகராது. ஒரு தடவை முந்திரிப் பருப்பு பதினொரு நாள் வெயிலில் கிடந்தது, யாரோ ஒரு பையன் ‘எம்’ என்ற இங்கிலீஷ் எழுத்தை ‘என்’ என்று அடித்துவிட்டான். அவனை நான் திட்டிய திட்டை இன்றைக்கும் ஆபீஸில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவன் மகளுடைய காகிதத்தில் தப்பு விடுவானா?

ஒலிம்பிக்குக்குப் போவது எப்படி என்று அப்போதெல்லாம் நான் யாருக்கு வேண்டுமானாலும் வகுப்பு எடுப்பேன். நன்றாக ஆடினால் போய்விடலாம் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படியில்லை. பெண்கள் தனியாக ஆடும் பிரிவில் உலகம் முழுவதற்குமே முப்பதுக்கும் குறைந்த இடம். அதில் பெரும்பகுதி முந்தின வருஷ உலகப் போட்டியிலேயே நாடுகளுக்குப் போய்விடும். மிச்சம் இருக்கிற சில இடங்களுக்கு ஒரே ஒரு கடைசித் தகுதிப் போட்டி. இடம் கிடைக்காத நாடு ஒவ்வொன்றும் அதற்கு ஒரே ஒரு பெண்ணை அனுப்பலாம். இதற்கு மேல், குதிப்புக்கும் சுழற்சிக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதையும் எடுத்திருக்க வேண்டும். எங்கள் நாட்டுக்கு இடம் கிடையாது. ஆகவே மொத்தக் கூத்தும் அந்த ஒரே ஒரு பெண் யார் என்பதில் வந்து நின்றது.

இதில் வயது விதி ஒன்று உண்டு. அது மட்டும் எனக்குத் தெரியாது. பெரியவர்கள் பிரிவில் ஆட, போட்டிப் பருவம் தொடங்குகிற ஜூலை ஒன்றாம் தேதிக்குள் பதினேழு வயது முடிந்திருக்க வேண்டும். பெங்களூரில் சொல்லிக்கொடுத்த கோச் அம்மாளுக்கு அது தெரியும். அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். மார்ச்சில் பிறந்தவள், மூன்று மாத இடைவெளியில் தப்பித்தாள் என்று. வருஷா வருஷம் மார்ச்சில் அந்த ஐஸ் தளத்தின் ஓரத்தில் கேக் வெட்டியவர் அவர்தானே. அவளுடைய பாஸ்போர்ட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. விண்ணப்பம் எல்லாம் நான் இங்கிருந்தே ஏற்றிவிடுவேன். ஜூனியர் போட்டிக்காக ஒரே ஒரு தடவை வெளிநாடு போனபோதும் டிக்கெட்டு, விசா எல்லாம் நான்தான். விதி தெரிந்தவருக்குத் தேதி தெரியாது, தேதி தெரிந்தவனுக்கு விதி தெரியாது.

மகளுக்கு இரண்டும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அந்த ஒரே பெண்ணைப் பொறுக்குகிற தேர்வுப் போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால் அவள் எனக்குப் போன் செய்தாள். நான் துறைமுக வாசலில் லாரி வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

“அப்பா, சீனியர்ல ஆட வயசுக்கு ஏதோ கணக்கு இருக்காம். இங்க பிள்ளைங்க பேசிக்கிட்டாங்க. எனக்கு எந்த தேதியைப் போட்டிருக்கீங்க?”

“எப்பவும் போடுதத போட்டிருக்கேன்.”

“அது சரியா வருமாப்பா?”

“பேப்பர் வெவகாரம் ஒனக்கு எதுக்கு? நான் பாத்துக்கிட மாட்டேனா? நீ போயி ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணு.”

சரி என்று வைத்துவிட்டாள். பிறகு அவள் கேட்கவில்லை. அப்பா பார்த்துக்கொள்வார் என்று நம்பிவிட்டாள். நான் பார்க்கவில்லை. அந்த லாரியை அனுப்பிவிட்டுத் தேடியிருந்தால் கைபேசியிலேயே பத்து நிமிஷத்தில் விதி கிடைத்திருக்கும். அப்போதே தொடங்கியிருந்தால் தேதியைத் திருத்த இரண்டு மாதம் போதுமா என்று கேட்டால், போதாமலும் போயிருக்கலாம். ஆனால் ஓடியிருப்பேன். லாரியை அனுப்பிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

தேர்வுப் போட்டி வடக்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நடந்தது. மழைக்காலம். அந்த அளவு ஐஸ் தளத்தை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன். வெளியே புழுக்கம், உள்ளே குளிர். ஸ்வெட்டர் கொண்டுபோகாமல் மனைவியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். உண்மையில் போட்டி என் மகளுக்கும் இன்னொரு வடக்கத்திப் பெண்ணுக்கும் இடையில்தான் என்று கோச் அம்மாள் சொல்லியிருந்தார். யாருக்கு மொத்தப் புள்ளி அதிகமோ அவர் பெயர் தகுதிப் போட்டிக்குப் போகும். ஜூனியர் பெண்களும் அதே நாளில் அதே தளத்தில் ஆடினார்கள், யாரையும் வாசலில் வயது பார்த்து நிறுத்தவில்லை. காகிதமெல்லாம் ஆடி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

முதல் நாள் சின்ன ஆட்டத்தில் அவள் இரண்டாவதாக வந்தாள். மறுநாள் நீண்ட ஆட்டம். இதில் டபுள் ஆக்ஸல் என்று ஒரு குதிப்பு இருக்கிறது. மற்ற குதிப்புகளுக்கெல்லாம் பின்பக்கமாக வந்து எழும்புவார்கள். இதற்கு மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டே எழும்பி, காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி, பின்பக்கமாக இறங்க வேண்டும். இரண்டு வருஷமாக அவள் அதில் விழுந்துகொண்டிருந்தாள். இடுப்பில் எப்போதும் நீலம் பாய்ந்திருக்கும், மனைவி போனில் அழுவாள். அன்றைக்கு அவள் இரண்டு தடவை அதைக் குதித்தாள். இரண்டு தடவையும் நின்றாள். கடைசிச் சுழற்சி முடிந்து அவள் நிமிர்ந்தபோது கோச் அம்மாள் என் தோளில் ஓங்கி அடித்தார். வலித்தது. நான் அழுதேன் என்று மனைவி சொல்கிறாள். குளிரில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழுதேன்.

சொற்பப் புள்ளி வித்தியாசத்தில் முதலிடம். பலகையில் அவள் பெயர் மேலே வந்தது. அந்த வடக்கத்திப் பெண் ஓடிவந்து என் மகளைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மா எங்களுக்குக் கைகொடுத்துவிட்டு நகர்ந்தார். நான் ஊரில் நாலு பேருக்குப் போன் செய்தேன். எதிர்க்கடைக்காரருக்கும் செய்தேன், அவருக்கு முக்கியமாகச் செய்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காகிதம் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். ஸ்கேட்டிங் சங்கத்தின் சார்பில் ஒரு நடுத்தர வயது அம்மாள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். நான் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். பாஸ்போர்ட், ஆதார், மருத்துவச் சான்று, தந்தை சம்மதக் கடிதம். அவர் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக யாரும் கொண்டுவருவதில்லை என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பாஸ்போர்ட்டைத் திறந்தார்.

“ஜூலை முப்பத்தொன்றா?” என்று கேட்டார்.

“ஆமாம் மேடம்” என்றேன், ரொம்பப் பணிவாக.

அவர் என்னைப் பார்க்கவில்லை, கோச் அம்மாளைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு ஜூலை ஒன்றில் பதினேழு முடியவில்லையே, ஒரு மாதம் குறைகிறதே, இது தெரியாமலா கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். கோச் அம்மாள் சிரித்தார். தப்பாக அச்சாகியிருக்கும், அவள் மார்ச்சில் பிறந்தவள், நாங்கள் கேக் வெட்டியிருக்கிறோம் என்றார். சொல்லிக்கொண்டே பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இன்னும் முகத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்ன சார் இது?”

என் வாயிலிருந்து வந்த பதில் இது: “அது ஸ்கூலுக்காகக் கொடுத்த தேதி மேடம். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் கொடுப்பாங்க.”

அந்த அறையில் இருந்த யாருக்கும் அது புரியவில்லை. என் மகளுக்கு மட்டும் புரிந்தது. அவள் பூட்ஸைக் கழற்றாமல், அதன் அடிக்கத்திக்குப் பிளாஸ்டிக் காப்பு மாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைவீதியில் நான் கையை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

அதிகாரி அம்மாள் நல்லவர்தான். வெள்ளிக்கிழமை வரை பெயர்ப்பட்டியலைத் திறந்து வைத்திருப்பேன், சரியான தேதியோடு பாஸ்போர்ட் கொண்டுவாருங்கள் என்றார். அன்றைக்கு ஞாயிறு. பிறகு தலையை ஆட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். இத்தனை வருஷத்தில் வயதைக் குறைத்துக்கொண்டு வந்து மாட்டியவர்களைத்தான் பார்த்திருக்கிறாராம், வயதைக் கூட்டிக் காட்டக் கெஞ்சுகிற தகப்பனை இப்போதுதான் பார்க்கிறாராம்.

மனைவியையும் மகளையும் அங்கேயே விட்டுவிட்டு நான் திங்கள்கிழமையே ஊர் வந்து சேர்ந்தேன். பீரோவில் பிறப்புச் சான்றிதழ் கிழியாமல் கசங்காமல் இருந்தது. மார்ச் என்று தெளிவாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட் வேலை பார்க்கிற ஏஜென்டிடம் போனேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார். “அண்ணாச்சி, இது மட்டும் போதாது. ஸ்கூல் சர்டிபிகேட்டு, பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட்டு, ஆதார் எல்லாத்துலயும் ஜூலைலா இருக்கு. மொதல்ல ஸ்கூல்ல மாத்தணும். அதுக்கு கோர்ட்டுக்குப் போவச் சொன்னாலும் சொல்லுவாவ. சீக்கிரம் நடந்தா ஆறு மாசம்.”

“வெள்ளிக்கெழம வேணும்” என்றேன்.

அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பழைய ஹெட்மாஸ்டர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இப்போது இருப்பவர் என்னைவிட வயதில் சின்னவர். சேர்க்கைப் பதிவேட்டை எடுக்கச் சொல்லி, பக்கத்தைக் கண்டுபிடித்து, என் பக்கம் திருப்பி வைத்தார். என் மகளுடைய பெயருக்கு நேரே ஜூலை முப்பத்தொன்று. அதற்கு மேலே இருந்த பையனுக்கும் ஜூலை முப்பத்தொன்று. கீழே இன்னும் இரண்டு பேருக்கு அதே தேதி, ஒருத்திக்கு ஜூலை முப்பது. அவளுடைய தகப்பன் என்னைவிட ஒரு நாள் யோக்கியன். பதிவேட்டோடு என் உறுதிமொழிக் காகிதமும் கோப்பில் இருந்தது. மேற்கண்ட தேதி உண்மை என்றும், பின்னாளில் அதை மாற்றக் கோரமாட்டேன் என்றும் அச்சிட்டிருந்தது. அதன் கீழே என் கையெழுத்து. அன்றைக்கு எவ்வளவு தெம்பாகப் போட்டிருக்கிறேன், கோடு காகிதத்தின் பின்பக்கம் வரை அழுந்தியிருந்தது.

“இதுல நான் என்ன செய்யட்டும் சார்? நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க” என்றார் ஹெட்மாஸ்டர்.

“பிள்ளை ஒலிம்பிக்குக்குப் போற போட்டிக்குத் தேர்வாயிருக்கா சார்.”

“அப்படியா, ரொம்ப சந்தோஷம்” என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எந்த விளையாட்டு என்று கேட்டார். சொன்னேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு பேனர் வைக்கலாமா என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

புதன்கிழமை கோச் அம்மாள் போன் செய்தார். குரலில் கோபம் எல்லாம் வடிந்துபோயிருந்தது. சங்கத்தில் விசாரித்தாராம். இரண்டாவது தேதி ஒன்றை எழுத்தில் கொடுத்தால், எது பொய் என்று அவர்கள் கேட்டே ஆக வேண்டுமாம். இதுவரை அவள் ஆடிய போட்டி எல்லாம் ஜூலை தேதியில் பதிவானவை. வயதை மறைத்தாள் என்று எடுத்துக்கொண்டால் அவளுக்குத் தடை வரலாம், ஜூனியரிலும் ஆட முடியாமல் போகலாம். “விட்டுடுங்க சார். அவ ஜூலையிலயே பொறந்தவளா இருக்கட்டும்” என்றார்.

கையில் உண்மையான சான்றிதழை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைக் காட்டினால் பிள்ளைக்கு ஆட்டமே போய்விடும். காட்டாவிட்டால் இந்த வருஷம் போய்விடும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற விஷயம், அடுத்த தடவை அவள் முழங்கால் எப்படி இருக்குமோ, இடுப்பு எப்படி இருக்குமோ, யாருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நான் ஒன்றும் அனுப்பவில்லை. அந்த வடக்கத்திப் பெண்ணின் பெயர் போனது. அதற்கு மறுநாள் எதிர்க்கடைக்காரர் கடையைவிட்டு இறங்கிவந்து, “என்னாச்சு அண்ணாச்சி, பிள்ளை எப்பம் கிளம்புதா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, அக்கறையாகவே கேட்டார். அவருக்கு நான் ஏதோ விசா பிரச்சினை என்று சொன்னேன். இன்னொரு பொய், அதுவும் காகிதத்தின் தலையில்.

மகளும் மனைவியும் ஊருக்கு வந்தார்கள். இரண்டு வாரம் தங்கினார்கள். மனைவி என்னைத் திட்டவில்லை. “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று ஒரு தடவையாவது சொல்வாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. சாப்பாடு வைப்பாள், போய்விடுவாள். மகள் காலையில் கடற்கரைச் சாலையில் ஓடுவாள், வீட்டில் கயிறு தாண்டுவாள், மாடியில் நின்று கையைக் கட்டிக்கொண்டு அந்த இரண்டரைச் சுற்றைத் தரையில் குதித்துப் பார்ப்பாள். என்னோடு பேசவும் செய்தாள். அப்பா சாப்பிட்டாச்சா, அப்பா மழை வருது, இப்படி.

தகுதிப் போட்டி நடந்த அன்று பகலில் அதைக் கைபேசியில் நேரலையாகக் காட்டினார்கள். நான் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவள்தான் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, “வாங்கப்பா, அவ ஆடப்போறா” என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த வடக்கத்திப் பெண் சிவப்பு உடையில் வந்தாள். முதல் குதிப்பிலேயே கையூன்றிவிட்டாள். டபுள் ஆக்ஸல் ஒன்றரைச் சுற்றோடு நின்றுபோனது. பிறகு ஒரு தடவை முழுசாக விழுந்து, எழுந்து, இசையைப் பிடிக்க ஓடினாள். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, “எந்திரி, எந்திரி, விட்றாத” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். பட்டியலில் அந்தப் பெண் கீழே, ரொம்பக் கீழே போய் நின்றாள்.

நான் செய்த இரண்டாவது தப்பை இப்போது சொல்கிறேன். எனக்கு மனசு லேசானது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. எப்படியும் நம் நாட்டுக்கு இடம் கிடைத்திருக்காது, ஆகவே நான் எதையும் பெரிதாகக் கெடுத்துவிடவில்லை என்று ஒரு வக்கீல் உள்ளே எழுந்து பேசினான். அவன் பேசியதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“பாத்தியா, அங்க வந்திருக்கவங்க எல்லாம் வேற லெவலு. நீ போயிருந்தாலும் கஷ்டந்தான். அதனால மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத.”

மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மகள் கைபேசியை அணைத்தாள். ரொம்ப நிதானமாகப் பேசினாள், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல.

“எனக்குத் தெரியும்பா. நானும் தோத்திருப்பேன். அவளை விடக் கீழ கூட வந்திருப்பேன். ஆனா அது என் தோல்வி. நான் விழுந்து, நான் எந்திரிச்சு, நானே அதைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அடுத்த நாள் பிராக்டிஸுக்குப் போயிருப்பேன். இது ஒங்க தோல்விப்பா. இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த வாரம் அவர்கள் பெங்களூருக்குப் புறப்பட்டார்கள். ரயிலேறும்போது, இனிமேல் என்னுடைய விண்ணப்பம் எல்லாம் நானே போட்டுக்கொள்கிறேன் அப்பா, ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் கொடுங்கள் என்றாள். உறையோடு கொடுத்தேன். அவள் அங்கேயே பிரித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, தன் பையில் வைத்துக்கொண்டாள்.